ஐந்தாம் நாள் காலைத் தண்ணீர்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. வேலையை விட்டு நின்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் உங்கள் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதற்குத் தகுந்தாற்போல்தான் இருக்கும்.

வால்வு தேய்ப்பது, ரிங் மாற்றுவது, உறிஞ்சு குழாயில் காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் உங்களுக்குப் பட்டறையிலேயே வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. கிணற்றுப் படிகளில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களின் பாகங்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டது. அதையும் யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாக வரும். நான் எழுதப்போவது ஒரு சர்க்கார் பாரத்தைப் பற்றி, பூர்த்தி செய்து கொடுக்கிறோமே அந்தக் காகிதத்தைப் பற்றி. அதில் நான் எழுதாமல் விட்ட ஒரு பெயரைப் பற்றி.

யுத்தம் வந்த புதிதில் நம் தொழிலுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து அரிசி வருவது நின்ற பிறகுதான் எல்லாம் மாறியது. டெல்லியிலிருந்து இரண்டு விதமான உத்தரவுகள் வந்தன. ஒன்று, எல்லோரும் உணவுப் பயிர் வையுங்கள், ஒரு காணி நிலத்தையும் சும்மா போடாதீர்கள் என்றது. இன்னொன்று, இரும்பு கிடையாது, குழாய் கிடையாது, எஞ்சினுக்கு ஊற்றும் குரூடாயில் எண்ணெய் பர்மிட் இல்லாமல் கிடையாது என்றது. இரண்டும் ஒரே தபாலில் வந்ததுபோல வந்தன. ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்கு நிலம் எடுத்தார்கள். அந்த நிலத்துக் கிணறுகளில் நான் பொருத்திய எஞ்சின்களை நானே கழற்றினேன்.

உத்தரவு போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பர்மிட் இல்லாதிருந்தால் இருந்த எண்ணெயையெல்லாம் பெரிய ஆலைக்காரர்கள் வாங்கிப்போயிருப்பார்கள். ஏரியில் தண்ணீர் வற்றிய பிறகு கிணற்றை நம்பி நவரைப் பயிர் வைப்பவனுக்கு ஒரு சொட்டு கிடைத்திருக்காது. உத்தரவு நியாயமானதுதான். ஆனால் அதை எழுதியவர்கள் நம் கிணறுகளைப் பார்த்ததில்லை. பார்த்தவன் நான்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பாரம் பூர்த்தி செய்து, பர்மிட் கொடுக்கும் பூந்தமல்லி ஆபீசில் கொடுக்கவேண்டும். எஞ்சின் நம்பர், எத்தனை குதிரைச் சக்தி, மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும், சொந்தக்காரர் பெயர், அவர் நிலம் எவ்வளவு, அதில் என்ன பயிர். உணவுப் பயிருக்கு மட்டும் கணக்குப் போட்டு எண்ணெய் தருவார்கள். ஒவ்வொரு கிணறாகப் போய்ப் பார்க்க அவர்களிடம் ஆள் இல்லை. எஞ்சின் பொருத்துகிற பட்டறைப் பிட்டர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொள்வோம் என்றார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் முதலாளி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

பெரிய மேஸ்திரிக்கு இதில் ஒரே சிரிப்பு. "இன்னா நைனா, இனிமே ஸ்பானர் வேணாமா ஒனுக்கு? காதுல பென்சில் சொருவிகினு ஊர்க் கணக்கு எழுதற கர்ணமாட்டம் கீறியே" என்றார். அவரிடம் நான் யோசனை கேட்டேன். "பாரம் இன்னா கேக்குதோ அத்த மட்டும் எழுது. கேக்காதத்த எழுதுனா ஒனுக்குத்தான் தொந்தரவு" என்றார். வேலையில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த யோசனை தவறு. அது தவறு என்று எனக்குத் தெரிய ஒரு குடும்பம் செலவானது.

நெமிலிச்சேரிக்கு அப்பால் ஏகாம்பரம் என்பவருடைய கிணறு. அந்த எஞ்சினைப் பொருத்தியதே நான்தான். அந்தக் கிணற்றில் தண்ணீருக்கு முறை உண்டு. உங்களில் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து நாளுக்கு ஒரு சுற்று. நாலரை நாள் ஏகாம்பரத்துக்கு. ஐந்தாம் நாள் காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை கன்னியப்பனுக்கு. கன்னியப்பன் ஏகாம்பரத்திடம் கூலிவேலை செய்தவன், அவரை ஆண்டே என்றுதான் சொல்வான். கிணறு வெட்டும்போது அடியில் பாறை வந்துவிட்டது. எல்லோரும் கைவிட்ட பிறகு கன்னியப்பனின் அப்பா வேட்டுவைத்து அதை உடைத்தார். அதற்குப் பதிலாக ஏகாம்பரத்தின் அப்பா கொடுத்தது அந்தக் காலைப்பொழுது. பத்திரம் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை நம்பித்தான் கன்னியப்பன் பக்கத்திலேயே அறுபது சென்ட் நிலம் வாங்கி நெல் வைத்தான்.

எஞ்சின் வருவதற்கு முன்னால் அவன் ஏற்றத்தில் இறைத்துக்கொண்டிருந்தான். எஞ்சினுக்காகக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தியதும் தண்ணீர் கீழே போய்விட்டது. ஏற்றம் எட்டவில்லை. அதனால் ஐந்தாம் நாள் காலையில் எஞ்சினே அவனுக்கும் ஓடியது. அதற்கு ஈடாக அவன் வருஷம் முழுவதும் வாய்க்காலைச் செதுக்கிச் சுத்தம் செய்துகொடுத்தான். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தவறு இல்லை இது.

நான் பாரத்தோடு போன அன்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கிணற்றுமேட்டில் நின்றிருந்தார். கன்னியப்பன் சற்றுத் தள்ளி வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னா பிட்டரு, எஞ்சினுக்கு ஜாதகம் எழுத வந்தியா?" என்றார் ஏகாம்பரம்.

நம்பரைப் பார்த்து எழுதினேன். நிலம் கேட்டேன். நாலு ஏக்கர் என்றார். பயிர் கேட்டேன்.

"எல்லாம் நெல்லுன்னு போட்டுக்க."

அவருக்கு அரை ஏக்கர் மல்லிகை இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. "மல்லி கீதுங்களே" என்றேன்.

"மல்லி சாப்பாட்டுக்கு ஆவாதா? சாமிக்கு ஆவுதே, அவரு சாப்புடறதில்லயா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அட, எழுதுப்பா. அரை ஏக்கருதானே. யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றார்.

நான் சாதாரணமாக யாரையும் எதிர்த்துப் பேசாதவன். அன்றைக்குப் பேசினேன். "நான் கையெழுத்துப் போடறதுங்க. மல்லிய நெல்லுன்னு போட மாட்டேன்" என்றேன். சொல்லி முடித்ததும் மனசுக்குள் ஒரு பெருமை வந்தது. மூன்றரை ஏக்கர் நெல் என்று எழுதினேன். ஏகாம்பரத்தின் முகம் சிறுத்துப் போயிற்று.

அப்போதுதான் கன்னியப்பன் வாய்க்காலிலிருந்தே சொன்னான். "பிட்டரய்யா, அஞ்சா நாளு காலைல நம்ம முறைங்க. நம்ம அறுவது சென்ட்டும் நெல்லுதாங்க."

பாரத்தைப் பார்த்தேன். சொந்தக்காரர் பெயர் என்று ஒரு கோடு. ஒரே கோடு. ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகைக்காக ஒரு சண்டை போட்டாயிற்று. இன்னொன்றுக்கு என்னிடம் தைரியம் மிச்சம் இல்லை. கன்னியப்பன் பக்கம் திரும்பாமலே, "அதெல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கங்க" என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதவில்லை. மல்லிகையை நெல் என்று எழுதியிருந்தால் அது பொய். ஆனால் அந்தப் பொய்யில் அரை ஏக்கருக்கு எண்ணெய் கூட வந்திருக்கும், கன்னியப்பனுக்கும் ஓடியிருக்கும். நான் எழுதிய உண்மையில் ஏகாம்பரத்தின் நெல்லுக்கு வேண்டியது அளவாக வந்தது. ஒரு மணி நேரம்கூட மிச்சம் இல்லை. பொய் எழுதுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு உண்மையை எழுதிய பெருமையில் இன்னொரு உண்மையை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

பங்குனியில் கன்னியப்பன் பட்டறைக்கு வந்தான். நெமிலிச்சேரியிலிருந்து குமணன்சாவடிவரை வெயிலில் நடந்தே வந்திருந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"பிட்டரய்யா, நேத்து நம்ம முறைக்கு எஞ்சின் ஓடலைங்க."

"ஏன்?"

"மின்ன ஒரு தபா ஆண்டே தண்ணி உட்டாருங்க. அப்பால ஒரு ஆபீசரு வந்து எஞ்சின் எத்தினி மணி ஓடுச்சின்னு எழுதற நோட்ட பாத்துட்டு, பர்மிட்டுல இல்லாத நெலத்துக்குத் தண்ணி போனா எஞ்சினையே தூக்கிகினு பூடுவேன்னாராம். ஆண்டே பயந்துட்டாரு. நா இன்னாடா பண்ணுவேன், பிட்டராண்ட போய்க் கேளுன்றாரு. பயிரு பூ வாங்கற சமயங்க."

பெரிய மேஸ்திரி உள்ளேயிருந்து, "பாரத்துல இல்லாதவன் ஊர்ல இல்ல, போ நைனா" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கன்னியப்பனும் மரியாதைக்குச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா முறை என்ற வார்த்தையைக் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"எஞ்சின் யார் பேர்ல?"

"ஏகாம்பரம் பேர்லங்க" என்றேன்.

"கிணறு?"

"அதுவும் அவருதாங்க. ஆனா பாறைய ஒடைச்சது எங்கப்பனுங்க" என்றான் கன்னியப்பன்.

"அதுக்குக் காயிதம் இருக்கா?"

"பாறைதாங்க கீது. ஒடைச்ச பாறை. இன்னும் மேட்டுலயே கெடக்குதுங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. என்னைப் பார்த்து, "நேர்ல பாத்து எழுதினது நீதானே? இந்த நிலத்த விட்டுட்டேன், பாரத்துல தப்பு நடந்துபோச்சுன்னு இப்பவே எழுதிக் குடு. மேல அனுப்பறேன். ஆனா ஒண்ணு, ஏன் தப்பா எழுதினேன்னு உன்னக் கேப்பாங்க. யுத்த கால உத்தரவு. பட்டறைக்கும் கேள்வி வரும்" என்றார்.

மேஜைமேல் காகிதம் இருந்தது. பேனாவை அவரே நீட்டினார். கன்னியப்பன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதலாளிய ஒரு வார்த்தை கேட்டுகினு வர்றேங்க" என்றேன்.

வெளியே வந்ததும் கன்னியப்பன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான். "நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்று நானாகத்தான் சொன்னேன். "ஆவட்டுங்க" என்று நெமிலிச்சேரி ரோட்டில் நடந்தான்.

முதலாளியிடம் பேச எனக்கு நாலு நாள் ஆயிற்று. முதல் நாள், பூந்தமல்லியிலிருந்து திரும்பிய அன்றே போனேன், அவரிடம் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் நாள் அவர் கோபமாக இருந்தார். மூன்றாம் நாள் அவர் தனியாகத்தான் இருந்தார். நான் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். நாலாம் நாள் சொன்னேன். "இதுக்கா நாலு நாளு முழிச்சிகினு இருந்தே? போய் எழுதிக் குடு. கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு நிமிஷப் பேச்சு. அன்றே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கன்னியப்பனின் முறை நாள். எஞ்சின் ஓடவில்லை. நான் முதல் நாளே எழுதியிருந்தாலும் பர்மிட் அதற்குள் வந்திருக்காது என்று பெரிய மேஸ்திரி எனக்கு ஆறுதல் சொல்வார். இருக்கலாம். அந்த நாலு நாள் என்னுடையது. அதை வேறு யார் பேரிலும் எழுத முடியாது.

ஒரு வாரம் கழித்து அங்கே போனேன். கன்னியப்பனும் அவன் மனைவி முனியம்மாவும் குடத்தில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிணற்றுப் படியில் இறங்கி, நிரப்பி, ஏறி, வரப்பில் நடந்து ஒரு மூலையில் மட்டும் ஊற்றினாள். மற்ற இடமெல்லாம் வெடித்திருந்தது.

"மொத்தத்துக்கும் ஊத்த முடியாதுங்க. வெதைக்காவது நாலு படி தேறுமான்னு பாக்கறோம்" என்றான் கன்னியப்பன்.

ஏகாம்பரத்தின் வயலில் கதிர் பால் பிடித்து நின்றது. நடுவில் ஒரு வரப்புதான். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மணிக்கணக்கு நோட்டைக் காட்டினார். "இத்த பாரு பிட்டரு, நீ எழுதனதுக்கு மேல ஒரு நிமிசம் ஓட்டலை. என்ன கெட்டவன்னு நெனைக்காத. எஞ்சினு பூட்டா நாலு ஏக்கரும் போச்சு. அந்தப் பொண்ணு கொடம் தூக்கறத்த என்னால பாக்க முடியல. அதான் அந்தப் பக்கமே நா வர்றதில்ல" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதனால் கன்னியப்பனின் நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மணி பிடிக்காமல் காய்ந்த நெல்லைச் சாவி என்பார்கள். அறுபது சென்டும் சாவி. அந்த விதை மூலையும்கூடத் தேறவில்லை. அறுத்து வைக்கோலாகப் போட்டான். அதற்கு மேல் இன்னொன்று நடந்தது. அப்போது ஊர்ப்புறத்தில் நிலம் இல்லாதவர்களுக்கு மட்டும் ரேஷன் அரிசிக் கார்டு கொடுத்தார்கள். பட்டியல் எழுத வந்தவர் ஊர்க் கர்ணத்தின் நிலக் கணக்கைப் பார்த்தார். கன்னியப்பன், நெல், அறுபது சென்ட் என்று இருந்தது. பயிர் வைக்கிறவனுக்குக் கார்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். எண்ணெய்ப் பாரத்தில் அவனுக்கு நிலம் இல்லை. அரிசிப் பட்டியலில் அவனுக்கு நிலம் உண்டு. இரண்டும் ஒரே சர்க்காரின் உத்தரவுகள். இரண்டிலும் எழுதியவன் தன் பாரம் கேட்டதைத்தான் எழுதினான்.

சித்திரை முடிவதற்குள் அவன் நிலத்தை ஏகாம்பரத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு ஆவடிக்குப் போய் மிலிட்டரி முகாமில் சுமை தூக்கும் கூலியாகச் சேர்ந்தான்.

யுத்தம் முடிந்தும் இந்தப் பாரங்கள் முடியவில்லை. நாளைக்குச் சுதந்திரம் வந்தாலும் பாரங்கள் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கையிலும் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். போனதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வாய்க்காலோடு நடங்கள், தண்ணீர் கடைசியாக எங்கே போய் நிற்கிறதோ அதுவரை. அங்கே நிற்கிறவனிடம் பெயர் கேளுங்கள். அப்புறம் பாரத்தை எடுங்கள். கோடு ஒன்றுதான் இருந்தால் பின்புறம் எழுதுங்கள். நான் அதற்குப் பிறகு எல்லாப் பாரத்துக்கும் பின்புறம் முறைக்காரர்கள் பெயரை எழுதினேன். சில தடவை பார்த்துச் சேர்த்தார்கள். சில தடவை பார்க்காமலே கட்டிவைத்தார்கள். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். திட்டு வாங்குவது அப்படி ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. அது தெரிய எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்க வேண்டாம்.

திருத்திய பர்மிட் ஆனியில் வந்தது. கன்னியப்பன் பெயர், அறுபது சென்ட், நெல், மாதத்துக்கு அரை டின். தபாலில் போடலாம் என்றார்கள். நானே எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனேன்.

முகாம் வாசலில் சொல்லியனுப்பினேன். அவன் வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. தோளில் சாக்கு மடித்துப் போட்டிருந்தான். இளைத்திருந்தான். காகிதத்தை நீட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"எம்பேரு எங்க கீது?"

காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எண்ணெ எவ்ளோங்க?"

"மாசம் அரை டின்."

"நல்ல எண்ணெயா? வெளக்கு எரியுமா?"

"எரியாது. புகைதான் வரும்."

"அப்ப ஆண்டேகிட்டயே குடுத்துடுங்க. நெலம் அவருது. பயிரு காயக் கூடாது" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இரண்டு அடி போனவன் திரும்பி வந்தான்.

"பிட்டரய்யா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு வாய்க்கால்ல நின்னுகினு எம்முறைய சொன்னேனே, ஒங்களுக்குக் கேட்டுதா? எஞ்சின் சத்தத்துல கேட்டிருக்காதுன்னுதான் முனியம்மாகிட்ட சொல்லிகினு கீறேன்."

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

"கேட்டுது" என்றேன்.

தலையை ஆட்டினான். தோள் சாக்கைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.